திண்ணை மெழுகிற்று: லாஸ் ஏஞ்சலிஸ் ஐபேட் திட்டத்தை முன்வைத்து

1

கவிதையை வாசிக்கிறோம், நாவலை வாசிக்கிறோம், சினிமாவை 'வாசிப்பது'கூட இப்போது பழகிவிட்டது. ஆனால் ஒரு பள்ளிக்கூடத்தில் அடுத்த பத்து வருஷம் என்ன நடக்க வேண்டும் என்று தீர்மானிக்கிற திட்ட ஆவணத்தை யாரும் வாசிப்பதில்லை. அது அதிகாரிகள் சமாச்சாரம், டெண்டர் சமாச்சாரம் என்று ஒதுக்கிவிடுகிறோம். தமிழில் ஒரு நல்ல நாவல் ஆயிரம் பேரிடம் போய்ச் சேர்ந்தால் பெரிசு. திட்ட ஆவணமோ லட்சக்கணக்கான குழந்தைகளின் உடல்மீது, அவர்கள் உட்கார்ந்து எழும் நேரத்தின்மீது, பார்க்கும் திசையின்மீது எழுதப்படுகிறது. இப்படிப்பட்ட பிரதியில் இலக்கியம் படித்தவனுக்கு என்ன வேலை என்று கேட்பவர்கள் உண்டு. வாக்கியத்தில் யார் பேசுகிறார், யார் பேசப்படுகிறார், யார் விடப்பட்டிருக்கிறார் என்று பார்ப்பதுதானே நமக்குக் கற்றுக் கொடுக்கப்பட்ட ஒரே வேலை? அதைத் திட்ட ஆவணத்தில் செய்யக்கூடாது என்று எந்த விதியும் இல்லை.

நான் எடுத்துக்கொள்வது அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலிஸ் ஒருங்கிணைந்த பள்ளி மாவட்டம் 2013இல் தொடங்கிய ஐபேட் திட்டம். 'பள்ளி மாவட்டம்' என்றதும் நம்மூர் வருவாய் மாவட்டத்தையோ, சி.இ.ஓ. அலுவலகத்தையோ நினைத்துக்கொள்ளக் கூடாது. அங்கே அது தனி ஆட்சி அமைப்பு. மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிற ஏழு பேர் கொண்ட குழு. அந்தக் குழு நியமிக்கிற 'சூப்பரின்டெண்டென்ட்', அதாவது கண்காணிப்பாளர். வாக்காளர்களிடம் அனுமதி வாங்கிக் கடன் பத்திரம் வெளியிடும் அதிகாரம். லாஸ் ஏஞ்சலிஸ் மாவட்டம் நியூயார்க்குக்கு அடுத்து நாட்டிலேயே பெரியது. திட்டம் தொடங்கியபோது சுமார் ஆறரை லட்சம் மாணவர்கள். பெரும்பான்மையினர் லத்தீனோக்கள், ஏழைகள். இந்த விவரத்தை மறக்காமல் வைத்துக்கொள்ள வேண்டும், பின்னால் தேவைப்படும்.

2013 ஜூனில் அந்தக் குழு ஆப்பிள் நிறுவனத்தோடு சுமார் 3 கோடி டாலர் ஒப்பந்தத்துக்கு ஒப்புதல் கொடுத்தது. முதல் கட்டத்தில் 47 பள்ளிகள். கடைசியில் எல்லா மாணவர், எல்லா ஆசிரியர் கையிலும் ஒன்று. கம்பியில்லா இணைய வசதிக்கான செலவையும் சேர்த்தால் மொத்தம் சுமார் 130 கோடி டாலர். ஒரு கருவி 678 டாலர். கடையில் அதைவிட மலிவாகக் கிடைத்தது. கூடுதல் விலை, உள்ளே இருந்த பியர்சன் நிறுவனத்தின் பாடத்திட்ட மென்பொருளுக்காக. அந்தப் பாடத்திட்டம் அப்போது முழுசாக எழுதி முடிக்கப்பட்டிருக்கவில்லை. மாதிரிப் பாடங்கள் சில இருந்தன, அவ்வளவுதான். எழுதப்படாத பிரதிக்கு முன்பணம் கட்டிய கதை இது.

2

திட்டத்துக்கு வைக்கப்பட்ட பெயர் 'காமன் கோர் டெக்னாலஜி புராஜெக்ட்'. பெயரிலேயே தொடங்கலாம். 'காமன் கோர்' என்பது கலிபோர்னியா உட்படப் பல மாநிலங்கள் 2010 வாக்கில் ஏற்றுக்கொண்ட பொதுப் பாடத்தரம். அதற்கான புதிய தேர்வுகள் தாளில் அல்ல, கணினித் திரையில் நடக்க வேண்டியவை. ஆக, பெயரின் முதல் பாதி தேர்வு, அடுத்த பாதி கருவி. மாணவர் இல்லை, ஆசிரியர் இல்லை. பின்னாளில் வந்த 'இன்ஸ்ட்ரக்சனல் டெக்னாலஜி இனிஷியேட்டிவ்' என்ற பெயரில் 'போதனை' என்ற சொல் எப்படியோ உள்ளே நுழைந்துவிட்டது. போதிப்பவர் அப்போதும் நுழையவில்லை.

எம்.ஏ. தேர்வுக்காக உருப்போட்ட ஒரு சூத்திரம் இங்கே உதவுகிறது. வேற்றுமை மயங்கியலில் தொல்காப்பியர் ஒரு தொழில் நடப்பதற்கு எட்டு வேண்டும் என்கிறார். செயல், அதைச் செய்கிறவர், செய்யப்படும் பொருள், இடம், காலம், கருவி ஆகிய ஆறு. அவற்றோடு 'இன்னதற்கு', 'இது பயன்' என்ற இரண்டு. உரைகாரர்கள் குயவன் குடம் வனைவதை உதாரணம் காட்டி விளக்குவார்கள். பின்னால் வந்த நன்னூலார் வினை தரும் பொருள்களை ஆறாகச் சொன்னார். யாருக்காக, என்ன பயனுக்காக என்ற கடைசி இரண்டும் அந்தப் பட்டியலில் இல்லை. எல்லாத் தொழிலுக்கும் எட்டும் வேண்டியதில்லை, சில குறையலாம் என்று தொல்காப்பியரே சொல்லியிருப்பதால் நன்னூலாரைக் குறை சொல்ல முடியாது. காற்றில் கொடி ஆடுவதற்குப் பயன் கேட்க வேண்டியதில்லை. பள்ளிக்கூடம் அப்படி இல்லை. அங்கே கடைசி இரண்டும் குறைந்தால் மீதி ஆறும் வெறும் கொள்முதல் பட்டியல்.

இலக்கணத்தில் இன்னொன்றும் உண்டு. 'திண்ணை மெழுகிற்று' என்று ஒரு வழக்கு. செய்யப்பட்ட பொருளையே செய்தது போலச் சொல்வது. திண்ணை தானாக மெழுகிக்கொள்ளாது. சாணி கரைத்து, குனிந்து, கையால் மெழுகியவள் ஒருத்தி இருக்கிறாள். வாக்கியத்தில் அவள் இல்லை. பேச்சு வழக்கில் இது குற்றமில்லை, எல்லோருக்கும் அவளைத் தெரியும். ஆனால் ஒரு நிர்வாகம் தொடர்ந்து இப்படியே எழுதிக்கொண்டு போனால் ஒரு கட்டத்தில் மெழுகுகிறவளுக்குக் கூலி ஒதுக்கவே மறந்துபோகும். வகுப்பறைத் தொழில்நுட்பம் குறித்த திட்டங்களின் மொழி எங்கும் இதுதான். கற்றல் மேம்படுத்தப்படும், வகுப்பறை மாற்றியமைக்கப்படும், கருவி மாணவரை இருபத்தொன்றாம் நூற்றாண்டுக்குத் தயார்ப்படுத்தும். யார் மேம்படுத்துவது? எந்த மணி நேரத்தில்? கருவி செய்யுமாம்.

3

கருவியைச் செய்பவன் இடத்தில் உட்கார வைக்கும் ஆசை புதுசு இல்லை. 1922இல் தாமஸ் எடிசன், சலனப்படம் கல்வி முறையைத் தலைகீழாக மாற்றிவிடும், பாடப்புத்தகத்துக்குப் பெரும்பாலும் வேலை இராது என்று சொன்னார். படக்கருவி விற்றவர் அவர் என்பதையும் சேர்த்தே வாசிக்க வேண்டும். பிறகு வானொலி வந்தது, தொலைக்காட்சி வந்தது. 1953இல் உளவியலாளர் பி.எஃப். ஸ்கின்னர் தன் மகளின் வகுப்பறையைப் போய்ப் பார்த்துவிட்டு வந்து 'போதனை இயந்திரம்' கட்டத் தொடங்கினார். ஒவ்வொரு முறையும் வகுப்பறையின் பிரச்சினை ஆசிரியர் என்றும், தீர்வு ஆசிரியரைத் தாண்டிப் போவது என்றும் கதை சொல்லப்பட்டது.

இந்தக் கதையாடலின் வடிவத்தை லாரி கியூபன் 1986இல் வெளிவந்த 'டீச்சர்ஸ் அண்ட் மெஷின்ஸ்' என்ற நூலில் காட்டியிருக்கிறார். முதலில் பரவசம். அடுத்து, கருவி பலன் தருகிறது என்று நிரூபிக்கும் ஆய்வுகள். அப்புறம் ஏமாற்றம். முடிவில், 'ஆசிரியர்கள் பயன்படுத்தவில்லை' என்ற பழி. கியூபன் வெளியே நின்று பேசுகிற ஆள் இல்லை. பள்ளி ஆசிரியராக இருந்து, ஒரு பள்ளி மாவட்டத்தின் கண்காணிப்பாளராகவும் ஏழு வருஷம் வேலை பார்த்தவர். ஆசிரியர்கள் கருவியை ஒதுக்குவது சோம்பலால் அல்ல என்பது அவர் வாதம். முப்பது பிள்ளைகளை ஓர் அறையில், ஒரு மணியில், ஒழுங்காக வைத்துக்கொண்டு பாடம் நடத்த வேண்டிய கட்டாயம் அவர்களுக்கு. அந்தக் கட்டாயத்துக்கு உதவுகிற கருவியை எடுத்துக்கொள்வார்கள். சாக்பீஸ், கரும்பலகை, பாடப்புத்தகம் எல்லாம் அப்படி நிலைத்தவைதான். உதவாததை அலமாரியில் வைத்துப் பூட்டுவார்கள். அதற்குப் பெயர் அறியாமை இல்லை, தொழில் அறிவு.

லாஸ் ஏஞ்சலிஸில் திட்டத்தை மதிப்பிட அமர்த்தப்பட்ட வெளி ஆய்வு நிறுவனத்தின் அறிக்கை 2014 செப்டம்பரில் வந்தது. ஆய்வாளர்கள் 245 வகுப்பறைகளுக்குள் போய் உட்கார்ந்து பார்த்தார்கள். பியர்சன் பாடத்திட்டத்தைப் பயன்படுத்திக்கொண்டிருந்தவர் ஒரே ஓர் ஆசிரியர். கோடிக்கணக்கான டாலர் கொட்டிய பிரதிக்கு 245 அறைகளில் ஒரே ஒரு வாசகர். நம் சிறுபத்திரிகைகள்கூடக் கொஞ்சம் பரவாயில்லை. இதை வழக்கம்போல 'ஆசிரியர்களுக்குப் பயிற்சி போதவில்லை' என்று முடித்துவிடலாம். பயிற்சி போதவில்லை என்பது உண்மைதான். ஆனால் 'பயிற்சி' என்ற சொல்லையும் கொஞ்சம் தட்டிப் பார்க்க வேண்டும். கருவி முதலில் முடிவாகிறது, ஆசிரியர் அதற்கேற்ப வளைக்கப்பட வேண்டியவர் என்பதுதானே அதற்குள் இருக்கும் கருத்தியல்? செய்பவன் கருவியைத் தேர்ந்தெடுக்கவில்லை, கருவி செய்பவனைத் தயாரிக்கிறது. குயவனிடம் கேட்காமல் சக்கரம் வாங்கிவிட்டு, சக்கரத்துக்குத் தகுந்த மாதிரி கையைப் பழக்கிக்கொள் என்கிற கதை.

'வெற்றி' என்று கொண்டாடப்பட்ட இடங்களிலும் இதே இலக்கணம் வேலை செய்வதைக் காணலாம். வட கரோலினாவில் மூர்ஸ்வில் என்ற சிறிய பள்ளி மாவட்டம் மாணவர்களுக்கு மடிக்கணினி கொடுத்து மதிப்பெண்ணும் உயர்ந்தது என்று 2012 வாக்கில் பெரிதாகப் பேசப்பட்டது. மடிக்கணினிக்குப் பணம் ஒதுக்கிய அதே காலத்தில் அங்கே 65 பணியிடங்கள் குறைக்கப்பட்டன, அவற்றில் 37 ஆசிரியர் பணியிடங்கள். பதினெட்டுப் பிள்ளைகள் இருந்த நடுநிலை வகுப்பில் முப்பது பேர் ஆனார்கள். திண்ணை மெழுகிற்று. மெழுகியவளை வீட்டுக்கு அனுப்பியாயிற்று.

4

இடமும் காலமும் அடுத்தவை. திட்டத்தின் மொழியில் இவை இரண்டும் எப்போதும் வழவழப்பானவை. 'எங்கும், எப்போதும் கற்றல்' என்பார்கள். ஆனால் பள்ளிக்கூடம் ஒரு கட்டடம். சுவரில் எத்தனை மின் இணைப்பு இருக்கிறது, நாற்பது கருவியைச் சார்ஜ் போட முடியுமா, இரவில் எங்கே பூட்டி வைப்பது, உடைந்தால் யார் எடுத்துக்கொண்டு ஓடுவது, தொலைந்தால் பெற்றோர் கட்டுவதா பள்ளி கட்டுவதா? இந்தக் கடைசிக் கேள்விக்கு லாஸ் ஏஞ்சலிஸில் கருவிகளைப் பிள்ளைகள் கையில் கொடுத்த பிறகும் தெளிவான பதில் இல்லாமல் குழப்பம் நீடித்தது. திரையில் தட்டி நீண்ட விடைகளை எழுத முடியாது, தனியாக விசைப்பலகை வேண்டும் என்பதும், அதற்கு வேறு பணம் வேண்டும் என்பதும் பின்னால்தான் பெரிய பிரச்சினையாக வெடித்தது. கணினித் தேர்வுக்காகவே வாங்கிய கருவிக்கு இந்த நிலை.

காலத்தைப் பார்த்தால் இன்னும் விநோதம். பணம் வந்தது, பள்ளிக் கட்டடங்களைக் கட்டவும் பழுது பார்க்கவும் என்று வாக்காளர்கள் அனுமதித்த கடன் பத்திரங்களிலிருந்து. அந்தக் கடன் அடைய இருபத்தைந்து வருஷம் போல ஆகும். கருவியின் ஆயுள் சில வருஷம். பாடத்திட்ட மென்பொருளின் உரிமம் மூன்று வருஷம். ஒரே வாக்கியத்துக்குள் மூன்று காலங்கள் இருக்கின்றன, ஒன்றோடு ஒன்று ஒட்டவில்லை. 2013இல் ஆறாம் வகுப்புப் படித்த பெண்ணின் குழந்தை பள்ளிக்கு வரும்போதும், அம்மா தொட்ட கருவிக்கு ஊர் வட்டி கட்டிக்கொண்டிருக்கும். கட்டடம் என்றால் அந்தக் குழந்தை அதற்குள் உட்காரலாம். ஐபேட் அதற்குள் எந்தக் குப்பையில் கிடக்குமோ.

திட்டப் பிரதியின் காலம் எதிர்காலம் ஒன்றுதான் என்பதால்தான் இது சாத்தியமாகிறது. எதிர்காலத்தில் பேசும் வாக்கியத்தை மெய்யா பொய்யா என்று இன்று யாரும் சோதிக்க முடியாது. சோதிக்கும் நாள் வரும்போது எழுதியவர் அந்த நாற்காலியில் இருக்க மாட்டார்.

5

இந்தப் பிரதிக்கு முதல் விமர்சனம் எழுதியவர்கள் மாணவர்கள்தான். 2013 செப்டம்பர், கருவிகள் கைக்கு வந்து சில வாரம்கூட ஆகவில்லை. ரூஸ்வெல்ட் உயர்நிலைப் பள்ளி உட்பட மூன்று பள்ளிகளில் சுமார் முந்நூறு மாணவர்கள் மாவட்டத்தின் தடுப்பைத் தாண்டிவிட்டார்கள். பத்திரிகைகள் 'ஹேக்கிங்' என்று எழுதின. அவ்வளவு பெரிய வித்தை ஒன்றும் இல்லை. கருவியின் அமைப்புப் பகுதிக்குப் போய், தங்கள் பேரில் போடப்பட்டிருந்த 'புரொஃபைல்' என்ற பதிவை அழித்தார்கள், கதவு திறந்துகொண்டது. மாவட்டம் பதறிப்போய், கருவிகளை வீட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது என்று நிறுத்தியது.

அல்தூசர் படித்தவர்களுக்கு இந்தக் காட்சி கண்ணில் படாமல் போகாது. 'ஏய், நீதான்' என்று அமைப்பு விளிக்கும்போது திரும்பிப் பார்ப்பதன் மூலமே ஒருவன் தன்னிலையாகிறான் என்றார் அவர். இங்கே அந்த விளிப்பு ஒரு கோப்பாகவே கருவிக்குள் இருந்தது. இன்னார், இன்ன வகுப்பு, இன்னின்ன பார்க்கலாம், இன்னின்ன பார்க்கக் கூடாது. பிள்ளைகள் அந்தப் பெயருக்குத் திரும்பிப் பார்க்கவில்லை, அழித்துவிட்டார்கள். செயப்படுபொருளாக எழுதப்பட்டவர்கள் ஒரு நிமிஷத்தில் செய்பவர்களாக ஆனார்கள்.

இதோடு நிறுத்திக்கொண்டு 'கலகம்' என்று கைதட்டுவது நமக்குச் சுலபம். எனக்கு அதில் தயக்கம் இருக்கிறது. தடுப்பைத் தாண்டி அவர்கள் போய்ச் சேர்ந்த இடம் ஃபேஸ்புக், யூடியூப், பாட்டுக் கேட்கும் தளம். ஒரு முதலாளி வீட்டு வாசலைத் தாண்டி இன்னொரு முதலாளி வீட்டுக்குள் போனார்கள், அங்கே வேறொரு 'புரொஃபைல்' காத்திருந்தது. அதற்காக அவர்களைக் குறைசொல்லவும் முடியாது. இணையம் என்று அவர்களுக்கு ஊர் முழுக்கக் காட்டப்பட்டது அதுதான். அந்தச் செயல் ஒன்றை மட்டும் தெளிவாகச் சொல்லிவிட்டது: இந்தக் கருவியை வைத்துக்கொண்டு என்ன செய்யலாம் என்ற கேள்வி மாணவர்களுக்கு இருந்தது, திட்டத்துக்கு இருக்கவில்லை.

6

இனி விடுபட்ட இரண்டுக்கு வருவோம். 'இன்னதற்கு' என்ற கேள்வியை அப்போதைய கண்காணிப்பாளர் ஜான் டீசி அறவே கேட்காமல் விடவில்லை. பணக்காரப் பிள்ளைக்குக் கிடைப்பது ஏழைப் பிள்ளைக்கும் கிடைக்க வேண்டும், இது சிவில் உரிமைப் பிரச்சினை என்பதுதான் அவர் வாதம். இதைப் போலி என்று தள்ளிவிட எனக்கு மனசில்லை. ஏழைப் பிள்ளைக்குக் கரும்பலகையும் நல்ல வாத்தியாரும் போதும், திரை எதற்கு என்று உபதேசம் பண்ணுகிறவர்கள் வீட்டில் திரைகள் நாலைந்து இருக்கும். தம் பிள்ளைகளை ஆங்கில வழியில் சேர்த்துவிட்டு, சேரிப் பிள்ளைகளுக்குத் தாய்மொழிக் கல்வியின் மேன்மையைப் பேசியவர்களை நாம் பார்க்காதவர்களா? தொழில்நுட்ப மறுப்பு என்பது பல சமயம் வசதி உள்ளவர்களின் ரசனை. அந்தப் பக்கம் நான் நிற்க மாட்டேன்.

பிரச்சினை, 'கு' என்ற நான்காம் வேற்றுமையில் இருக்கிறது. ஏழைப் பிள்ளைக்கு என்றால் கொடைப் பொருள் வர வேண்டும். இங்கே வந்தது கொடை இல்லை, இரவல். கருவி மாவட்டத்தினுடையது, பாடம் கம்பெனியினுடையது, பூட்டு இருவருடையது, பிள்ளையினுடையது பொறுப்பு மட்டும். பணக்காரப் பிள்ளையின் கையில் இருக்கும் கருவியும் இந்தக் கருவியும் ஒரே உற்பத்தியாக இருக்கலாம், ஒரே பொருள் அல்ல. அவனுக்கு அது சொத்து, இவனுக்கு அது சீருடை. சமத்துவம் என்ற சொல் நியாயமானதுதான். அது கருவியின் எண்ணிக்கையில் போய் ஒட்டிக்கொண்டதும், ஆளுக்கொன்று கொடுத்தாயிற்று, சமத்துவம் வந்தாச்சு என்று கணக்கு முடிந்துவிட்டது.

நம்மூர் வாசகர்களுக்கு இந்த இடத்தில் 2011 செப்டம்பரில் தமிழக அரசு தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டம் ஞாபகம் வரும். அதன் பையில் முதல்வர் படம் இருந்தது, பின்னணியில் தேர்தல் வாக்குறுதி இருந்தது. வகுப்பறையில் அதை வைத்து என்ன செய்வது என்ற திட்டமும் ரொம்பப் பலவீனம். ஆனாலும் ஒரு வேறுபாடு உண்டு. அது பிள்ளைக்கே சொந்தமானது. படம் பார்த்தார்கள், பாட்டு ஏற்றினார்கள், கஷ்டத்துக்கு விற்றவர்களும் உண்டு. அதிலேயே தட்டச்சு பழகிக் கல்லூரிக்குப் போனவர்களும் உண்டு. எது நடந்தாலும் அது அந்த வீட்டின் முடிவு. அங்கே 'இன்னதற்கு' நிறைவேறியது, 'இது பயன்' தெருவில் விடப்பட்டது. லாஸ் ஏஞ்சலிஸில் இரண்டும் இல்லை. அங்கே பயன் என்று ஆவணத்தின் அடியில் கிடந்தது தேர்வு. தேர்வைத் திரையில் நடத்தக் கருவி வேண்டும், கருவி வாங்கியதை நியாயப்படுத்த மதிப்பெண் வேண்டும். இந்த வட்டத்துக்குள் படிப்பு எங்கே வருகிறது?

7

அதற்குப் பிறகு நடந்தது பலருக்குத் தெரிந்திருக்கும். 2014 ஆகஸ்டில், டெண்டருக்கு முன்பே, 2012இல், மாவட்ட உயரதிகாரிகளுக்கும் ஆப்பிள், பியர்சன் நிறுவனங்களுக்கும் இடையே நடந்த மின்னஞ்சல் தொடர்புகள் வெளியே வந்தன. டீசி தவறு எதுவும் நடக்கவில்லை என்று மறுத்தார். ஆனால் ஒப்பந்தத்தை நிறுத்திவைத்தார். அக்டோபரில் பதவி விலகினார். டிசம்பரில் எஃப்.பி.ஐ. வந்து இருபது பெட்டி ஆவணங்களை எடுத்துச் சென்றது. 2015இல் சுமார் 64 லட்சம் டாலருக்குச் சமரசம் ஏற்பட்டது. 2017இல் யார்மீதும் குற்றச்சாட்டுப் பதியாமல் விசாரணை முடிந்தது.

பத்திரிகைகள் இதை ஊழல் கதையாக வாசித்தன. ஊழல் கதை நமக்கு ரொம்ப வசதியானது. கெட்டவன் ஒருத்தன் கிடைத்துவிட்டால் அமைப்பு தப்பித்துக்கொள்ளும். நான் கேட்பது வேறு. மின்னஞ்சல் எதுவும் இல்லாமல், டெண்டர் பளிங்கு மாதிரி நடந்திருந்தால் இந்தத் திட்டம் சரியானதாக ஆகியிருக்குமா? அந்த 245 வகுப்பறைகளில் என்ன மாறியிருக்கும்? டீசிக்குப் பிறகு பொறுப்பேற்ற ரேமன் கார்ட்டினெஸ் 2015 தொடக்கத்தில், எல்லோருக்கும் ஒரு கருவி என்பது மாவட்டத்தால் தாங்க முடியாத செலவு என்றும், வகுப்பறைப் பயன்பாட்டுக்கு முறையான திட்டமே இருந்ததில்லை என்றும் வெளிப்படையாகச் சொன்னார். அதுதான் அசல் தீர்ப்பு. அதில் குற்றவாளி இல்லை, விடுபட்ட வாக்கிய உறுப்புகள்தான் இருக்கின்றன.

பாடம் கற்றுக்கொண்டார்களா? 2020இல் நோய்த்தொற்றால் பள்ளிகள் மூடப்பட்டபோது இதே மாவட்டம் அவசர அவசரமாகக் கருவியும் இணையமும் வாங்கிக் கொடுத்தது. அப்போது 'இன்னதற்கு' என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. வீட்டில் அடைபட்ட பிள்ளையும் ஆசிரியரும் ஒருவரை ஒருவர் பார்க்க வேண்டும், அவ்வளவுதான். தேவை இருந்த இடத்தில் கருவி கருவியாக இருந்தது. 2024 மார்ச்சில் மறுபடியும் பழைய இலக்கணம். சூரியன் மாதிரி முகம் வைத்த 'எட்' என்ற செயற்கை நுண்ணறிவு உரையாடி, ஒவ்வொரு மாணவருக்கும் தனி உதவியாளர் என்று மேடையில் அறிமுகம் ஆனது. ஒப்பந்தம் 60 லட்சம் டாலர் வரை, அதில் சுமார் பாதி கொடுத்தாயிற்று. மூன்று மாதத்தில் அதைச் செய்து கொடுத்த கம்பெனி நொறுங்கியது. நவம்பரில் அதன் நிறுவனர்மீது முதலீட்டாளர்களை ஏமாற்றியதாகக் குற்றச்சாட்டு வந்தது. கம்பெனி நொறுங்கிய அதே ஜூனில்தான், வகுப்பில் பிள்ளைகள் கைபேசி வைத்திருப்பதற்கு மாவட்டக் குழு தடை போட்டது. ஒரு கையால் திரையைப் பிடுங்கி, மறு கையால் திரையை நீட்டுவது. இரண்டிலும் பிள்ளை செயப்படுபொருள்தான்.

8

அப்படியானால் திட்டமே வேண்டாமா என்றால், இல்லை. திட்டம் வேண்டும், எட்டு உறுப்பும் உள்ள திட்டம் வேண்டும். இந்தப் பாடத்தில் இந்த இடத்தில் கை நிற்கிறது, அதற்கு இது உதவும் என்று ஆசிரியர் சொல்லி, அங்கிருந்து கருவிக்குப் போக வேண்டும். எனக்கு இது வேண்டாம் என்று சொல்லும் உரிமையும் அவருக்கு இருக்க வேண்டும். பழுது பார்க்கிறவரின் சம்பளம், சார்ஜ் போடும் அலமாரி, உரிமம் முடிகிற தேதி, அந்தத் தேதிக்கு மறுநாள் என்ன என்பது எல்லாம் முதல் பக்கத்திலேயே இருக்க வேண்டும். கேட்பதற்குச் சில்லறை விஷயங்கள் மாதிரித் தெரியும். 'புரட்சி' என்ற சொல் இருந்த பக்கத்தில் இவை இல்லாமல் போனதால்தான் இத்தனையும் நடந்தது.

தடுப்பை உடைத்த பிள்ளைகள் படித்த ரூஸ்வெல்ட் பள்ளி, நகரின் கிழக்குப் பக்கத்தில் பாயில் ஹைட்ஸில் இருக்கிறது. 1968 மார்ச்சில் இதே பள்ளியிலிருந்தும் சுற்றியிருந்த கார்ஃபீல்ட், லிங்கன் முதலிய பள்ளிகளிலிருந்தும் மெக்சிக வம்சாவளி மாணவர்கள் ஆயிரக்கணக்கில் வகுப்பைவிட்டு வெளியே நடந்தார்கள். ஸ்பானிஷ் பேசினால் தண்டனை கிடைத்த காலம். இருமொழிக் கல்வி வேண்டும், எங்கள் வரலாறு பாடத்தில் வேண்டும், எங்களில் இருந்து ஆசிரியர்கள் வேண்டும், எங்களைக் கைத்தொழிலுக்கு மட்டும் தள்ளாதீர்கள், கட்டடத்தைச் சரி செய்யுங்கள் என்று கோரிக்கைப் பட்டியலோடு இதே மாவட்டக் குழுவின்முன் நின்றார்கள். பதின்மூன்று பேர் கைதானார்கள், அவர்களில் ஒருவர் லிங்கன் பள்ளி ஆசிரியர் சால் காஸ்ட்ரோ.

அந்தப் பட்டியலும் ஒரு பள்ளி மாவட்டத்துக்கான திட்டம்தான். அதில் செய்பவர் யார், யாருக்கு, எதற்கு என்று தேட வேண்டியதில்லை, ஒவ்வொரு வரியும் 'எங்களுக்கு' என்று இருந்தது. இரண்டு ஆவணங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வாசிக்க வேண்டும். 1968இன் பட்டியலில் கணினி என்று எதுவும் இல்லை. இன்றைக்கு அதே பிள்ளைகளின் பேரப்பிள்ளைகள் ஒரு பட்டியல் எழுதினால் அதில் கணினி நிச்சயம் இருக்கும். எத்தனையாவது வரியில், எந்த வரிக்குப் பிறகு இருக்கும் என்பதைத்தான் முதலில் அவர்களிடம் கேட்டிருக்க வேண்டும்.